ஆறு விரற்கடை

முதலில் தப்புச் செய்தது ஞானதிரவியம் சார்தான். அதை மேலே எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. அவர் சொல்லித்தான் வந்தேன் என்று நீங்கள் வாசலில் நின்று சொன்னபோதே தெரிந்துகொண்டேன், என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லி அனுப்பியிருப்பார் என்று. அவர் அப்படித்தான். நல்லவிதமாகச் சொல்வார். உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக விளையாட்டு மலருக்கு எழுதுகிறீர்கள். ஒவ்வொரு காலேஜ் கூடைப்பந்து அணியும் தன் ஊரில் எந்தத் தரையில் ஆடுகிறது, எது நல்ல தரை, எது வந்தவர்களுக்குக் கஷ்டமான தரை. இதுதானே கேள்வி? சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் இந்தப் பக்கத்து நாலு காலேஜ் தரையையும் கைவைத்துத் தடவிப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பி.டி. சார்மார் நின்று பார்ப்பார்கள். மார்க்கர்தான் குனிந்து பார்ப்பான். மார்க்கர் என்றால் கோடு போடுகிறவன். கோடு போடுவது, வலை கட்டுவது, வளையத்தை முடுக்குவது, பந்துக்குக் காற்று அடிப்பது, எல்லாம் அவன் வேலை. முப்பத்தொரு வருஷம் நம் காலேஜ் மார்க்கர் நான். கோமதிநாயகம் என்று எழுதுங்கள். காலேஜ் பேர் எதையும் எழுத வேண்டாம். நான் தரையை வைத்தே சொல்கிறேன், உங்களுக்குப் புரியும்.

மரத்தரைக் காலேஜை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞானதிரவியம் சார் பி.டி.யாக இருந்த காலேஜ் அது. கூரை போட்ட அரங்கம், தரை முழுக்கப் பலகை. பந்தைத் தட்டினால் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே திரும்பி வரும். காற்றும் கிடையாது, வெயிலும் கிடையாது. மாடியில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து காலால் பலகையை உதைப்பார்கள். கீழே நிற்கிறவனுக்குத் தலையில் இடி இறங்குகிறாற்போல இருக்கும். வந்த அணி முதல் அஞ்சு நிமிஷம் அந்தச் சத்தத்துக்கே பாதி தோற்றுவிடும். ஆனால் அங்கே பழகிய பிள்ளைகள் வெளித்தரைக்கு வந்தால் கண் கூசி நிற்பார்கள். அதையும் எழுதுங்கள்.

கடற்கரைக் காலேஜில் சிமெண்டுத் தரை. உப்புக்காற்றில் வளையத்தைத் துரு தின்றுவிடும், வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். சாயங்காலம் நாலரை தாண்டினால் தரையில் ஈரம் இறங்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடி வந்து நிற்க மாட்டார்கள், வழுக்கி வந்து நிற்பார்கள். வேண்டுமென்றே வழுக்குவார்கள். வந்தவர்கள் வேண்டாமல் வழுக்குவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

தேரிக்காட்டுக் காலேஜில் செம்மண். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினாலும் பந்து இடுப்புக்கு மேல் எழும்பாது. அதனால் அங்கே யாரும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட மாட்டார்கள், கைக்குக் கை கொடுத்தே ஆடுவார்கள். வெள்ளை பனியன் போட்டுப் போனவன் காவி கட்டினவனாகத் திரும்புவான்.

நம்முடையதும் சிமெண்டுத் தரைதான், ஆனால் இங்கே விசேஷம் காற்று. கணவாய் வழியாக ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி வரை ஓயாது. மேற்கேயிருந்து குறுக்கே அடிக்கும். நம் பிள்ளைகள் வளையத்தைப் பார்த்து எறிய மாட்டார்கள். ஒரு பந்து அகலம் மேற்கே பார்த்து எறிவார்கள், காற்று அதைக் கொண்டுபோய் வளையத்தில் போடும். வந்தவர்கள் வளையத்தைப் பார்த்தே எறிந்து கிழக்கே பந்து பொறுக்குவார்கள்.

ஆகமொத்தம் எல்லாத் தரையும் வந்தவனை ஏமாற்றும். ஆனால் அது மண்ணும் காற்றும் ஏமாற்றுவது. மனுஷன் ஏமாற்றுவது வேறே.

சரி, அந்த ஆள் செய்ததற்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு, ஆவணி மாசம். ஆண்கள் போட்டி நம் தரையில். அப்போதெல்லாம் பெயிண்ட் வாங்கித்தர மாட்டார்கள், சுண்ணாம்புத்தூள்தான். காலையில் ஆறு மணிக்குக் குனிந்தவன் எட்டு மணிக்கு நிமிர்ந்தேன். கயிறு பிடித்து, ஆணி அடித்து, ஒரு கோடு பிசகாமல் போட்டிருந்தேன். எட்டேகாலுக்குக் காற்று எழுந்தது. தூள் பறக்க ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு ஞானதிரவியம் சார் பஸ் வந்து நின்றபோது என் கோடெல்லாம் நெளிந்து கிடந்தது.

அவர் நேராக நடுவட்டத்துக்கு வந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். இரண்டு அணிப் பையன்களும் நிற்கிறார்கள், எங்கள் பிரின்சிபால் நிற்கிறார். "அண்ணாச்சி, கோலம் நல்லா வந்திருக்கு. நடுவுல பூசணிப்பூ வைக்க மறந்துட்டீங்களே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சிபால் சிரித்தார். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, தம்பி.

மறுநாள் காலையில் நடுவட்டத்தில் யாரோ ஒரு பூசணிப்பூவை வைத்திருந்தார்கள். சாணி உருண்டையில் செருகி, மார்கழி மாசத்தில் வைக்கிற மாதிரியே. அன்றைக்கு என் பேர் பூசணி ஆனது. மூணு வருஷத்துக்கு ஒருமுறை பையன்கள் மாறுவார்கள், பேர் மாறாது. ஏன் அந்தப் பேர் என்று தெரியாத பிள்ளைகள்கூட, "லே, பூசணி வாராரு, பந்தை வை" என்பார்கள். என் மகள் கல்யாணத்துக்கு வந்த ஒரு பழைய மாணவன் சம்பந்தி முன்னால் என்னை அப்படிக் கூப்பிட்டான். பாசமாகத்தான் கூப்பிட்டான். சம்பந்தி என் வயிற்றைப் பார்த்தார்.

அந்த வருஷமே பிரின்சிபாலிடம் நின்று பெயிண்ட் கேட்டு வாங்கினேன். இரும்பு டேப் ஒன்று கேட்டு வாங்கினேன். மீட்டர் கணக்கு எனக்குத் தெரியாது, கெமிஸ்ட்ரி அட்டெண்டரிடம் கேட்டுப் படித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் கோட்டில் ஒரு நூல் பிசகினது கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஞானதிரவியம் சார் அணியோடு வருவார். ஒவ்வொரு வருஷமும் நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருதடவை குனிந்து பார்த்து, பரவாயில்லையே அண்ணாச்சி என்றால் போதும், விட்டுவிடலாம் என்றிருந்தேன். "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி" என்பார். டீ குடிப்பார். பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு என் கோட்டு மேலேயே நடந்து போவார். பதினாறு வருஷம். ஒருதடவைகூடக் குனியவில்லை.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

ரெண்டாயிரத்துப் பத்தில் விதி மாறியது. வளையத்துக்குக் கீழே இருக்கிற கட்டம் அதுவரை அடியில் அகன்று மேலே குறுகி இருக்கும், கவிழ்த்துவைத்த ஓலைக்கூடை மாதிரி. அதை நேர்க்கட்டமாகப் போடச் சொன்னார்கள். மூன்று புள்ளிக் கோட்டையும் வெளியே தள்ளச் சொன்னார்கள். நான் பழைய கோடு அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். தரை மழித்த தலை மாதிரி இருந்தது. புதுசாக என்ன போட்டாலும் சரி என்றுதான் நினைப்பார்கள், யார் கண்ணுக்கும் புதுக்கட்டம் பழகவில்லை. இது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

ஃப்ரீ த்ரோ கோடு தெரியுமில்லையா? எதிராளி தப்பாக இடித்துவிட்டால், இடி வாங்கினவர் அந்தக் கோட்டில் தனியாக நின்று எறியலாம், யாரும் மறிக்க முடியாது. கடைக்கோட்டிலிருந்து அஞ்சு மீட்டர் எண்பது. கேன்டீன் பக்கத்து வளையத்துக்கு அஞ்சு எண்பதில் ஆணி அடித்துக் கோடு போட்டேன். அப்புறம் சைக்கிள் ஷெட் பக்கத்து வளையத்துக்கு வந்தேன். அங்கேயும் அஞ்சு எண்பதில் ஆணியை அடித்தேன். அடித்துவிட்டுக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆணியைப் பிடுங்கினேன். அந்த ஓட்டையிலிருந்து நடுக்கோட்டுப் பக்கமாக ஆறு விரலை ஒட்டிவைத்து அளந்தேன். ஆறாவது விரலுக்கு அந்தப் பக்கம் ஆணியை அடித்தேன்.

ஆறு விரற்கடை. கட்டத்தையும் வட்டத்தையும் அதற்குத் தகுந்தாற்போலத் தள்ளிப் போட்டேன். பார்த்தால் தெரியாது. என் கை நடுங்கவில்லை. பொய் சொல்லமாட்டேன், அன்றைக்குப் போட்ட கோடு மாதிரி அழகான கோட்டை நான் போட்டதே கிடையாது.

ஏன் சைக்கிள் ஷெட் பக்கம் என்றால், போட்டி நடத்துகிற அணி மேஜைக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் வந்த அணி இரண்டாவது பாதியில் அந்த வளையத்துக்குத்தான் எறிய வேண்டும். பெண்கள் போட்டியில் நம் மண்டலத்து இறுதியாட்டம் மூன்று வாரத்தில் நம் தரையில் இருந்தது. எதிரணி மரத்தரைக் காலேஜாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் பக்கம் கூட்டம் என்று நம் பிள்ளைகள் அந்த மூன்று வாரமும் அந்தக் கோட்டில் நின்றுதான் பழகப் போகிறார்கள். அவர்கள் கை தன்னால் ஆறு விரற்கடை நீண்டுவிடும். நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பி.டி. மேடத்திடமும் சொல்லவில்லை. ஞானதிரவியம் சார் என் கோட்டில் தோற்க வேண்டும், குனிந்து பார்க்காமலே தோற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எறியப் போகிறது அவர் இல்லை, ஒரு பிள்ளை என்பதை நான் நினைக்கவே இல்லை. நினைக்கவே இல்லை என்றால் நம்புவீர்களா?

ஆட்டத்தன்று காலையில் நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞானதிரவியம் சார் எங்கள் மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக அணிக்குப் பதினோரு பேரை எடுத்தாகிவிட்டது, பன்னிரண்டாவது ஆளை இந்த ஆட்டம் பார்த்துத்தான் எடுக்கப் போகிறார்கள், தேர்வுக்குழுவினர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அது கடற்கரைக் காலேஜ் பிள்ளை ஒன்று, இல்லாவிட்டால் தன் அணிப் பிள்ளை பிரம்மசக்தி. அப்பா உப்பளத்தில் வேலை. பிள்ளைக்கு இது கடைசி வருஷம். பல்கலைக்கழக அணியில் ஆடினால் ஃபார்ம் த்ரீ என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு எழுதிப் போடலாம். "இவ உள்ள போயிட்டா அந்த வீடு மேல வந்துரும் மேடம்" என்றார்.

நான் டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஆட்டம் ஆரம்பிக்க அரைமணி நேரம் இருந்தது. பெயிண்டை அரைமணி நேரத்தில் மாற்ற முடியாது. வாய் திறக்க அரைமணி நேரம் தாராளம்.

அந்தப் பிள்ளையே என்னிடம் வந்தது. நெடுநெடுவென்று, கறுப்பாக, முட்டியில் பழைய காயத்தோடு. பூட்ஸ் அடியில் தூசி ஒட்டி வழுக்குகிறது, துடைக்க ஒரு நனைந்த சாக்கு கிடைக்குமா அண்ணாச்சி என்று கேட்டது. கொடுத்தேன். நன்றி அண்ணாச்சி என்றது. நான்தான் பூசணி என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆட்டத்தை நீட்ட வேண்டாம். முதல் பாதியில் பிரம்மசக்தி கேன்டீன் பக்கத்து வளையத்துக்கு ஆறு ஃப்ரீ த்ரோ எறிந்தது. ஆறும் உள்ளே. பெருவிரல் கோட்டைத் தொடாமல் ஒட்டி நிற்கும், பந்தை மூன்று தடவை தட்டும், ஒரு மூச்சு விடும், எறியும். காற்று அடிக்கிறது, அதுவும் ஒரு பந்து அகலம் மேற்கே பார்த்துக்கொண்டது. இரண்டே தடவையில் நம் காற்றைப் படித்துவிட்டது. எனக்கே மனசுக்குள் ஒரு சபாஷ் வந்தது.

இரண்டாவது பாதியில் பக்கம் மாறினார்கள். அதே பெருவிரல், அதே மூன்று தட்டு. பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்து அதன் காலடிக்கே திரும்பி வந்தது. அடுத்ததும் அப்படியே. எட்டில் மூன்றுதான் உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை வளையத்தைப் பார்க்காமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நல்ல ஆட்டக்காரர்கள் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள், தம்பி.

முடிய நாலு விநாடி. நாம் நாற்பத்தொன்பது, அவர்கள் நாற்பத்தெட்டு. நம் பிள்ளை ஒன்று பிரம்மசக்தியை இடித்துவிட்டது. இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் போனால் அவர்களுக்கு ஜெயம், ஒன்று போனால் சமம். காற்றுகூட அப்போது நின்றிருந்தது. சைக்கிள் ஷெட் கூரையில் ஒரு தகரம் எப்போதும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் அடிக்கவில்லை. முதல் பந்து முன்விளிம்பு. இரண்டாவது பந்து முன்விளிம்பு.

நம் பிள்ளைகள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு குதித்தார்கள். தேர்வுக்குழுவில் ஒருத்தர் நோட்டை மூடினார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நெருக்கடியில் கை நடுங்குகிற பிள்ளை, கடற்கரைப் பிள்ளையையே எழுதிவிடலாம் என்றார்.

கை நடுங்கவில்லை. எனக்குத் தெரியும். நான்தான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேனே.

அப்போதுதான் பிரம்மசக்தி கடைக்கோட்டுக்குப் போனது. குதிகாலைக் கோட்டில் வைத்தது. பாதத்துக்கு முன்னால் பாதம் வைத்து எண்ணிக்கொண்டே ஃப்ரீ த்ரோ கோடு வரைக்கும் வந்தது. நின்று யோசித்தது. அந்தப் பக்க வளையத்துக்குப் போய் அங்கேயும் எண்ணியது. திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், இந்தக் கோடு தள்ளிக் கிடக்கு. அரைப்பாதம் கூட வருது" என்றது.

டேப் என் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. இழுத்துப் பிடித்தால் ஒரு நிமிஷம்.

ஞானதிரவியம் சார் மெதுவாக நடந்து வந்தார். தேர்வுக்குழுவும் பார்க்கிறது, எங்கள் மேடமும் பார்க்கிறார். வேறே யாராக இருந்தாலும் டேப்பைக் கொண்டா என்றிருப்பார்கள். தோற்று நிற்கிற அணி, ஒரு புள்ளி வித்தியாசம், சட்டப்படி கேட்கலாம். அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "எம்மா, கோமதிநாயகம் அண்ணாச்சி போட்ட கோடு இது. இந்த ஜில்லாவுல எந்தத் தரையில வேணும்னாலும் டேப் வை, இங்க மட்டும் வைக்காத. உன் கையைச் சொல்லு, அவர் கோட்டைச் சொல்லாத" என்றார்.

கேட்டீர்களா? பதினாறு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

பிள்ளைக்கு மனசு ஆறவில்லை. என் பக்கம் திரும்பியது. கண் நிறைந்திருந்தது, விழவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. கோடு சரியா இருக்கா? நீங்க சொன்னா நான் நம்புதேன்."

நான் சொன்னேன். "சரியாத்தான் இருக்கு, தாயி. அளந்துதான போட்டேன்."

அளந்துதான் போட்டேன். அதில் பொய் இல்லை பாருங்கள்.

"சரிண்ணாச்சி" என்றது. இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தது. "தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. ஒருத்தர் வாயிலிருந்து பதினாறு வருஷமாக வரவேண்டிய வார்த்தை, இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தது. நான் தலையை ஆட்டினேன். மன்னித்தேன் என்று ஆட்டினேனா, என்னவென்று ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் போய் அந்தக் கோட்டைச் சுரண்டி அஞ்சு எண்பதில் போட்டேன். ஆணி ஓட்டையைச் சிமெண்ட் குழைத்து அடைத்தேன். இப்போது நீங்கள் போய் டேப் வைத்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மூன்று வாரம் பொய்க்கோட்டில் பழகிய கையாயிற்றே. மண்டலங்களில் ஜெயித்த அணிகள் மோதுகிற அடுத்த சுற்றுக்கு நம் பிள்ளைகள் மரத்தரைக்குப் போனார்கள். கூரை இருக்கிறது, காற்று இல்லை, கோடு சரியாக இருக்கிறது. ஃப்ரீ த்ரோ எல்லாம் வளையத்தைத் தாண்டிப் பின்பலகையில் இடித்து வெளியே வந்தது. மாடியில் பையன்கள் உதைக்கிற சத்தத்தில் பயந்துவிட்டார்கள் என்று எங்கள் மேடம் சொன்னார். ஊருக்குத் திரும்பி வருகிறவரைக்கும் பஸ்ஸில் அந்தப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே வந்தார். கவனம் இல்லை, செல்போன்தான் காரணம் என்றார். நான் பந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை வழியெல்லாம் அழுதது. கோப்பை போனதுக்கு அழுகிறது என்று நானும் எல்லோரையும் போலவே சொன்னேன்.

பிரம்மசக்தி பல்கலைக்கழக அணிக்குப் போகவில்லை. அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ரிட்டயர் ஆனபிறகு, இன்றைக்கு மூன்று வருஷம் இருக்கும், ஞானதிரவியம் சாரைப் பார்க்கப் பாளையங்கோட்டை போனேன். முழங்காலில் ஆபரேஷன் செய்து வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சார், அன்னைக்குக் கோடு தப்பு. நாலே வார்த்தை. ஆலங்குளம் தாண்டுவதற்குள் நன்றாகப் பழகிவிட்டது.

அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், நான்தான் வேண்டாம் என்றேன். அவர் வீட்டம்மா முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "பிரம்மசக்தி ஞாபகம் இருக்கா அண்ணாச்சி? ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருக்கா. நிரந்தரம் இல்ல, வருஷா வருஷம் எழுதி வாங்கிக்கிடுதாங்க. ஆனா ஒரு கிறுக்கு பாருங்க, டேப் இல்லாம கிரவுண்டுக்குள்ள கால் வைக்க மாட்டா. பிள்ளைங்க பந்தைத் தொடுததுக்கு முன்ன ரெண்டு பக்கமும் அளந்துருவா. உங்க கோட்டையே சந்தேகப்பட்ட கழுதைதானன்னு நான் கேலி பண்ணுவேன்."

"அவ என்ன சொல்லுவா?" என்று கேட்டேன்.

"சும்மா சிரிப்பா."

நான் வாயைத் திறந்தேன். பழகிவைத்த நாலு வார்த்தை வரவில்லை. வேறே வந்தது. "சார், தொண்ணூத்து நாலுல நீங்க என் கோட்டைக் கோலம்னு சொன்னீங்க" என்றேன்.

"நானா?"

"பூசணிப்பூ வைக்கலையான்னு கேட்டீங்க."

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். நிஜமாகத்தான் யோசித்தார், நடிக்கவில்லை. பிறகு சிரித்தார். "வேற யாராவது சொல்லியிருப்பாங்க அண்ணாச்சி. உங்க கோட்டைப் போயி நான் அப்படிச் சொல்லுவனா?"

காபியைக் குடித்தேன். முறுக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். வந்துவிட்டேன்.

இதில் எதை எழுதுவது, எதை விடுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பேனாவை மூடி ரொம்ப நேரமாயிற்று, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்தவர்களுக்குக் கஷ்டமான தரை எது என்று கேட்டீர்கள், மரத்தரை என்று போடுங்கள். நேர்மையான தரை எது என்ற கேள்விக்கு ஞானதிரவியம் சார் நம் தரையைச் சொன்னார் என்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நானே அடிக்கச் சொன்னேன் என்று போட வேண்டாம்.

அன்றைக்குத்தான் எல்லோர் முன்னாலும் அவர் நன்றாகச் சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். அது பொய்க்கோட்டுக்குச் சொன்னது, தம்பி. அது சேராது. முப்பத்தொரு வருஷம் நேராகப் போட்டேனே, அதற்கு ஒரு வார்த்தை வர வேண்டும். கோலம் என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை வர வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் நான் சொல்ல வேண்டியது உண்டுதான். இல்லை என்று சொல்லவில்லை. எந்த ஸ்கூல் என்று தெரியும், எந்த பஸ் போகும் என்றும் தெரியும். ஆனால் எதற்கும் ஒரு வரிசை இருக்கிறதில்லையா? முதலில் தப்புச் செய்தவர் முதலில் சொல்ல வேண்டும். அவர் எனக்குச் சொல்லட்டும், மறுநாள் காலை பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன். நீங்கள் திரும்பிப் போகும்போது அவரைப் பார்ப்பீர்கள் அல்லவா? ஞாபகம் வந்ததா என்று மட்டும் கேளுங்கள். என்னைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

மூன்று வருஷமாக ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அவர் இன்னும் சொல்லவில்லை.